எரிந்தது ஓட்டல் மட்டுமா?

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வீடு கட்டக் கடன் கேட்டு எங்கள் கவுண்ட்டருக்கு வந்தார். "பட்டா இருக்கா பெரியப்பா?" என்றேன். "இருந்தா ஒங்கிட்ட ஏன் தம்பி வரேன்?" என்றார்.

இதைச் சொன்னபோது ஒரு மாணவத் தோழர், "நாமளும் படிச்சி சொத்து வாங்கிட்டா எவனும் தொட முடியாது" என்றார். அவருக்கு நான் சொன்ன கதை இது.

ஜே. பி. ஸ்ட்ராட்ஃபோர்டு. 1861இல் அமெரிக்காவின் கென்டக்கியில், அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்து வக்கீலானார். 1899இல் டல்சா நகரத்துக்கு வந்து, கிரீன்வுட் பகுதியில் நிலம் வாங்கிக் கறுப்பர்களுக்கே விற்றார். வாடகை வீடுகள் கட்டினார். 1918இல் 54 அறைகளோடு ஓட்டல் எழுப்பினார்.

1921 மே 31 இரவிலும் மறுநாளும் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட்டைக் கொளுத்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பல். ஓட்டலும் போனது. கலவரச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்தன. கலவரத்தைத் தூண்டியதாக வழக்கு யார் மேல்? ஸ்ட்ராட்ஃபோர்டு மேல்! தப்பி ஓடி சிகாகோவில் வாழ்ந்து 1935இல் செத்தார். வழக்கு தள்ளுபடியானது 1996இல். செத்து 61 வருஷம் கழித்து.

அமெரிக்கா சமாச்சாரம் நமக்கெதுக்கு என்கிறீர்களா? 1995இல் கொடியங்குளத்தில், வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த நம் ஜனங்களின் வீடுகளுக்குள் புகுந்து போலீஸ் அடித்து நொறுக்கியது. 2013 ஏப்ரலில் இதே மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தன. நாம் குனிந்து கிடந்தால் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நிமிர்ந்தால்தான் வயிறு எரிகிறது.

படிக்க வேண்டாம், சொத்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டுக்குச் சட்டம் தெரியும், சொத்தும் இருந்தது. போலீசும் கோர்ட்டும் எதிரி பக்கம் இருந்தன. தனி ஆளின் பத்திரம் ஒரு தீக்குச்சிக்குத் தாங்காது.

1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் தனக்கென்று ஒரு மனை கேட்கவில்லை. ஜனங்களோடு சேர்ந்து நின்று ஜனங்களின் நிலத்தைக் கேட்டார்கள். பெரியவரின் பட்டாவையும் அப்படித்தான் கேட்க வேண்டும். என் கவுண்ட்டரில் அது கிடைக்காது. தாலுகா ஆபீஸ் வாசலில் கூட்டமாய் உட்காருவோம், வாங்க தோழர்களே. நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.