கடற்போரும் கணினி ஓவியமும்

சென்ற மாதம் எமது அலுவலகத்துக்கு ஓர் ஓவியம் வந்தது. அனுப்பியவர் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர். தூரிகை தொடாது, வண்ணம் குழையாது, முழுவதும் கணினியிலேயே ஆக்கப்பட்ட ஓவியம் அது. 'மட்டக்களப்புக் கடலில் வம்பயர், 1942' என்று அதற்குப் பெயரிட்டிருந்தார். ஏற்றதெனக் கண்டால் இப்பகுதியின் முகப்பில் வெளியிடுமாறும் கேட்டிருந்தார். முதற் பார்வையில் அதனை ஒரு நிழற்படமென்றே கொண்டேன். அத்துணைத் தத்ரூபம். ஆயினும் உடனே அச்சுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. திருப்பியனுப்பவும் மனம் வரவில்லை. அத்தயக்கத்தின் காரணத்தையே இவ்வாரம் வாசகர் முன் வைக்க விரும்புகிறேன். யதார்த்தம் என்று இலக்கிய அன்பர்கள் ஓயாது பேசும் பொருளுக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்புண்டு.

வம்பயர் ஒரு நாசகாரிக் கப்பல். பெருங்கப்பல்களுக்குக் காவலாக ஓடுவதும் நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதும் இவ்வகைக் கப்பல்களின் தொழில். கனத்த கவசம் இவற்றுக்கு இல்லை, வேகமே காப்பு. 1917இல் இங்கிலாந்தில் கடலில் இறக்கப்பட்ட வம்பயர், 1933இல் அவுஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்தது. 1941 டிசெம்பர் 10ஆந் திகதி மலாயாக் கரைக்கு அப்பால் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், றிபல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அவற்றுக்குத் துணையாகப் புறப்பட்ட நான்கு நாசகாரிகளுள் வம்பயரும் ஒன்று. றிபல்ஸின் மாலுமிகள் இருநூற்றுக்கு மேற்பட்டோரை அன்று அது நீரிலிருந்து மீட்டது.

அந்நான்கனுள் மற்றொன்றான ரெனடோஸ், 1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்புத் துறைமுகத்திலே குண்டுபட்டு அமிழ்ந்தது. நான்கு நாள் கழித்து வம்பயரின் முறை வந்தது. தாக்குதலை எதிர்பார்த்துத் திருகோணமலையை விட்டு முதல்நாள் இரவே வெளியேறியிருந்த விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும், அதற்குத் துணைபோன வம்பயரும், 9ஆந் திகதி முற்பகலில் மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்களின் கண்ணில் பட்டன. விமானந்தாங்கி எனப் பெயர் கொண்ட ஹெர்மிஸிலே அன்று விமானம் ஒன்றேனும் இல்லை. அக்கப்பலோடு முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வம்பயர் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. அதன் தலைவரும் எட்டு மாலுமிகளும் உயிரிழந்தனர். அவ்வழியே வந்த வைத்தியசாலைக் கப்பலான வீற்றா, இரு கப்பல்களிலுமிருந்து ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது.

இந்த வரலாற்றைத்தான் மாணவர் தீட்டியிருந்தார். அவருடைய உழைப்பைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. கப்பலின் கட்டுமான வரைபடங்களையும் பழைய நிழற்படங்களையும் தேடிப் பெற்று, அதன் முப்பரிமாண உருவைக் கணினியிலே தகடு தகடாக அமைத்திருக்கிறார். இரு புகைபோக்கிகளும், முன்னும் பின்னும் படிபோல் எழும் பீரங்கிகளும், கயிறுகளும் ஏணிகளும் தத்தம் இடத்தில் உள்ளன. கட்டளையிட்ட மாத்திரத்தே படத்தைப் பொழிந்து தரும் இயந்திரங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கே இருக்கிறதென அறிந்து அமைக்கும் பொறுமை அருமையானது.

கப்பலினும் கடலைத் தீட்டுவதே கடினம். ஆழ்ந்த நீரில் செல்லும் கப்பலின் பின்னே விரியும் அலைகள், அதன் வேகம் எதுவாயினும், ஏறக்குறைய 39 பாகைக் கோணத்துள் அடங்கும் என்று கெல்வின் பிரபு 1887இல் கணித்துக் காட்டினார். வேகம் மிகும்போது முகப்பு எழும். பின்புறம் நீரிலே தாழும். திரும்பும்போது கப்பல் வெளிப்புறமாகச் சாயும். இவற்றை அறியாதோர் தீட்டும் கப்பல், மேசைவிரிப்பின்மேல் வைத்த பொம்மை போலக் கிடக்கும். இம்மாணவரின் கப்பலோ நீரை உண்மையிலேயே பிளந்து செல்கிறது.

ஒரு பிழையை மட்டும் உடனே கண்டேன். அவர் வானத்தைப் பொன்னிறமாக்கி, சாய்ந்த வெயிலிலே கடலைக் கொந்தளிக்க விட்டிருந்தார். ஆண்டுதோறும் ஏப்ரல் முற்பாதியிலே சூரியன் எமது தீவுக்கு நேர் உச்சியில் வருகிறது. மட்டக்களப்புக்கு உச்சம் கொடுப்பது ஏறத்தாழ அந்த 9ஆந் திகதியை ஒட்டியே. ஆகவே அம்முற்பகலிலே வெயில் ஏறக்குறைய மேலிருந்தே விழுந்திருக்கும். நிழல்கள் குறுகிக் கிடந்திருக்கும். வாடை ஓய்ந்து சோளகம் பிறவாத காலமாதலின், அட்லாந்திக் சமுத்திரத்துப் பேரலைகளுக்கும் அங்கே இடமில்லை. இப்பிழை மாணவருடையது மட்டுமன்று. போர்க்கப்பல் ஓவியர் பலர், எந்தக் கடலாயினும் ஒரே புயலையும் ஒரே அந்தியையும் கொண்டுவந்து கொட்டுகின்றனர்.

இவை திருத்தக்கூடிய பிழைகள். என் தயக்கம் வேறொன்று. மாணவர் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, "தம்பி, இந்தக் கப்பலை நீர் எங்கிருந்து பார்க்கிறீர்?" என்று கேட்டேன்.

"விமானத்திலிருந்து, ஐயா. அப்போதுதானே கப்பல் முழுவதும் தெரியும்" என்றார்.

விடை நேர்மையானது. ஓவியத்தின் இயல்பும் அதுதான். நடுவிலே ஒடுங்கிய கப்பல்; பின்னால் வளைந்தோடும் வெண்ணுரை; பக்கத்தில் எழும் நீர்த்தூண்கள். அந்த உயரத்திலே கப்பலில் மனிதர் எவரும் தென்படவில்லை. அது குண்டு வீசியவனின் பார்வை. மாணவர் அதனை வேண்டுமென்று தெரிந்தெடுத்தாரல்லர். ஹெர்மிஸ் மூழ்கும் காட்சியாக நூல்களிலே நாம் காணும் படங்கள் யப்பானிய விமானங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்துப் பயின்ற கண், அறியாமலே அவற்றின் இடத்தில் போய் நின்றுவிட்டது.

போர்க்காலப் படங்கள் பலவற்றின் கதை இதுவே. 1940 ஏப்ரல் 8ஆந் திகதி நோர்வேக்கு அப்பால், குளோவேர்ம் என்ற பிரித்தானிய நாசகாரி, தன்னிலும் பன்மடங்கு பெரிய ஜெர்மானியக் கப்பலான அட்மிறல் ஹிப்பர்மீது மோதி மூழ்கியது. அக்காட்சியின் படங்கள் ஹிப்பரின் மேற்றளத்திலிருந்து எடுக்கப்பட்டவை. மூழ்குபவன் கையில் கமரா இருப்பதில்லை. இருந்தாலும் அது கரை சேர்வதில்லை. ஆனால் ஹிப்பர் அங்கே நின்று, எண்ணெயில் தோய்ந்த மாலுமிகளை மீட்டது. அவர்களும் படங்களில் இருக்கின்றனர். பகைவனின் கமராவும் அருகே வந்தபோது மனிதரைக் கண்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.

கப்பலுக்குப் பூசும் வர்ணத்திலும் பார்ப்பவனின் இடமே முதற் கேள்வியாக இருந்திருக்கிறது. 1917இல் நோர்மன் வில்கின்சன் என்ற கடலோவியர், கப்பல்களிலே முரண்பட்ட வரிகளைத் தீட்டும் முறையை வகுத்தார். நீர்மூழ்கியிலிருந்து நோக்குபவன் கப்பலின் திசையையும் வேகத்தையும் கணிப்பதில் தடுமாற வேண்டுமென்பதே அவர் நோக்கம். இரண்டாம் மகாயுத்தத்திலே, நாசகாரியொன்றில் பணியாற்றிய பறவையோவியர் பீற்றர் ஸ்கொட், இரவிலே கப்பல் மங்கித் தோன்றுதற்கு வெளிர் நிறங்களை வகுத்தார். எங்கிருந்து எந்தக் கண் பார்க்கும் என்பதை இவர்கள் முதலில் எண்ணினர். பின்னரே தூரிகையை எடுத்தனர்.

இன்றைய கணினி ஓவியருக்கோ எல்லையற்ற சுதந்திரம் உண்டு. முப்பரிமாண உருவை அமைத்த பின், பார்வையை எங்கும் வைக்கலாம்: வானத்தில், பாலத்தில், பீரங்கியருகில், நீர்மட்டத்தில். முன்னைய ஓவியருக்கு இச்சுதந்திரம் இருந்ததில்லை. பிரித்தானிய யுத்த ஓவியர் எரிக் றவீலியஸ் கடற்படையோடு ஆர்க்டிக் கடல்வரை சென்றே தம் சித்திரங்களைத் தீட்டினார். 1942இல் ஐஸ்லாந்துக்கு அப்பால் விமானத்தோடு மறைந்தார். நாற்காலியிலிருந்தே எவ்விடத்தும் நிற்கக்கூடிய ஒருவர், நின்ற இடத்துக்குப் பொறுப்பேற்க வேண்டாமா? எழுத்தாளர்கள் இதனை நன்கறிவர். ஒரு கிராமத்தின் வறுமையை, வீதியிற் செல்லும் வாகனத்தின் யன்னலூடே கண்டு எழுதுவதும், அடுப்படியிலே இருந்து எழுதுவதும் ஒன்றல்ல. விவரங்கள் இரண்டிலும் சரியாக இருக்கலாம். எழுதுபவன் இருக்கும் இடம் வேறு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. துன்பத்தை அருகிலிருந்து காட்டப்போய்க் குருதியையும் கண்ணீரையும் மிகைப்படுத்தி, பார்ப்போரின் மனத்தை மலிவாக உருக்கிவிடலாம் என்பர். அந்த ஆபத்து மெய்யே. ஆனால் அதற்கு அஞ்சி உயரத்திலேயே நின்றுவிடுதல் தீர்வாகாது. ஒன்பது பேரைக் கொன்ற சம்பவத்தை, ஒருவரும் இல்லாத அழகிய காட்சியாக்குவதும் ஒருவகை மிகைதான்.

எமது வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விமானத்தின் ஒலி கேட்டதும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் இந்நாட்டில் 2009 வரை இருந்தனர். மேலிருந்து எடுக்கப்பட்ட படத்திலே தம் வீடு ஒரு புள்ளியாகத் தோன்றியதை அவர்கள் அறிவர். அத்தகையோரின் பிள்ளைகளுள் ஒருவர், 1942இன் கடலை மேலிருந்து மட்டும் பார்ப்பது எனக்குப் பொருந்தவில்லை. இதனையே நான் அந்த மாணவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனம் நோகச் செய்துவிட்டேனோ என்று வருந்தினேன்.

மூன்று வாரம் கழிந்து இரண்டாவது ஓவியம் வந்தது. அதே கப்பல், அதே கடல். பார்வை மட்டும் நீர்மட்டத்துக்கு இறங்கியிருந்தது. எண்ணெய் படிந்த நீருக்கு மேலே சில தலைகள், உச்சி வெயில், அலையின் விளிம்புக்கப்பால், பிளந்த கப்பலின் ஒரு பகுதி மட்டும். முன்னையதன் கம்பீரம் இதில் இல்லை. "ஐயா, இதில் கப்பல் சரியாகத் தெரியவில்லை" என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். நீந்திக் கொண்டிருந்தவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று மறுமொழி அனுப்பினேன்.

இரண்டு ஓவியங்களையும் இவ்விதழில் அருகருகே வெளியிடுகிறோம். முதலாவதைத் தள்ளிவிடவில்லை, அதன் அறிவும் உழைப்பும் இன்றி இரண்டாவது பிறந்திராது. ஆசிரியர்கள் இவற்றை வகுப்பிலே மாணவருக்குக் காட்டி, வரைந்தவர் எங்கே நிற்கிறார் என்று முதலிற் கேட்பார்களாயின் மகிழ்வேன். எது அழகானது என்ற கேள்வியை அதன் பின்னர் கேட்கலாம்.