ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்ற தைரியம்

பதுளை, பசறை, ஹாலிஎல கடைகளில் சம்பள நாட்களில் தோட்டத்து மக்கள் விரும்பி வாங்கும் சாமான்களில் மல்டி பிளக்கும் ஒன்று. அது எத்தனை வாட் தாங்கும் என்று அவர்கள் கேட்பதில்லை. வியாபாரிகளாகிய நாமும் சொல்வதில்லை.

இதைப் பற்றிப் பேசினால், "வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்பார்கள். ட்ரிப் சுவிட்ச் கவனிப்பது கரண்ட் கசிவை மட்டும்தான். உடம்பு வழியாகவோ எர்த் வழியாகவோ 30 மில்லி அம்பியர் அளவு கசிந்தாலே அது விழுந்து உயிரைக் காக்கும். ஆனால் வயர் தாங்காத சுமையை அது கண்டுகொள்ளாது. அதைத் தடுப்பது பிரேக்கரும் பியூஸும்தான். பியூஸ் போனால் தடித்த கம்பியைக் கட்டுபவர் அந்தக் காவலையும் அகற்றிவிடுகிறார்.

13 அம்பியர் பிளக் பேஸ் ஒன்று நமது 230 வோல்ட் மின்சாரத்தில் சுமார் 3,000 வாட்தான் தாங்கும். கேத்தல் ஒன்றே 2,000 வாட் வரை இழுக்கும். அதனுடன் அயனையும் ரைஸ் குக்கரையும் ஒரே மல்டி பிளக்கில் மாட்டினால் வயர் சூடேறி உருகும்.

தோட்டத்து லயன்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு காம்பிராவில் பற்றிய தீ கூரை வழியே அடுத்த காம்பிராவுக்குப் போய்விடும். சுவரோடு சுவராக இருக்கும் நமது பஸார் கடைகளின் நிலையும் இதுதான்.

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, 13 அம்பியர் சதுரப் பின் பிளக், பேஸ் தவிர்ந்த மற்ற வகைகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனையை 2018 ஆகஸ்டில் தடைசெய்தது. சதுரப் பின் பிளக்கின் உள்ளே பியூஸ் உண்டு. பழைய உருண்டைப் பின்னில் அது இல்லை. சதுரப் பேஸின் மேல் துவாரத்தில் பேனை மூடியைச் செருகி இரண்டு பின் பிளக்கைத் தள்ளும் பழக்கமும் ஆபத்தானது.

உறங்கும் முன் விளக்கை அணைக்கும்படியும், எலி திரியை இழுத்து வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இன்று நமது அரிசி, மா ஸ்டோர்களில் எலிகள் வயரைக் கடிக்கின்றன. கடை மூடும்போது குளிர்சாதனப் பெட்டி தவிர்ந்த எல்லாவற்றையும் நிறுத்துவது நமது கடமை. மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் தகுதிச் சான்றிதழ் உள்ள மின் வேலையாளை அழைத்துக் காட்டுங்கள். யாருக்காவது கரண்ட் அடித்தால் அவரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

குறையை மறைத்து விற்பது நமக்கு ஹலாலான வியாபாரம் ஆகாது. மல்டி பிளக் கேட்டு வருபவரிடம், "இதில் எதை மாட்டப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். கேத்தல், ஹீட்டர் என்றால் தனிப் பேஸ் ஒன்று அடிக்கச் சொல்லி, அதற்குரிய சாமானை விற்றுக்கொடுங்கள். வியாபாரமும் குறையாது, அந்தக் குடும்பமும் இன்ஷா அல்லாஹ் நிம்மதியாக உறங்கும்.