அரண்டவன் கண்ணுக்குத் தொடரெல்லாம் பேய்!

"பேய்க் கதைகளைத் தொலைக்காட்சியில் காட்டவே கூடாது; சட்டம் கொண்டு தடுக்க வேண்டும்" என்று பகுத்தறிவு பேசும் அன்பர்கள் சிலர் விடாது வலியுறுத்தி வருகின்றனர். கண்டி மாநகரில் நாலு பேர் கூடும் இலக்கியச் சந்திப்பானாலும் சரி, பேராதனைப் பக்கத்துக் கருத்தரங்கானாலும் சரி, தொலைக்காட்சி பற்றிய பேச்செழுந்தால் இக்கோரிக்கை தலைகாட்டாமல் இருப்பதில்லை. அவர்களது நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் பரிந்துரைக்கும் மருந்துதான் நோயைவிடக் கொடியது என்பதே எனது வாதம்.

இம்மருந்தை அண்டை நாட்டில் ஏற்கெனவே அருந்திப் பார்த்துவிட்டார்கள்.

இந்தியத் தூர்தர்ஷனில் 1980களின் பிற்பகுதியில் 'ஹோனி அன்ஹோனி' என்றொரு இந்தித் தொடர் ஒளிபரப்பானது. நடக்கக்கூடியது, நடக்கவொண்ணாதது என்று பெயருக்குப் பொருள் கொள்ளலாம். வாரம் ஒரு கதையாக, அமானுஷ்ய நிகழ்வுகளைச் சொன்ன தொடர் அது. ஒடிஸி கம்யூனிகேஷன்ஸ் என்ற தனியார் நிறுவனம் தயாரித்தது. அதிக காலம் ஓடிய தொடரன்று. இன்று அதன் கதைகளை நினைவிற் கொண்டிருப்போர் மிகச் சிலரே. எனினும் இந்தியச் சட்டம் படிக்கும் மாணவர் இன்றும் அதன் தயாரிப்பாளரின் பெயரைப் படிக்கின்றனர். காரணம், அத்தொடர் நீதிமன்றம் ஏறியது.

மகாராஷ்டிரத்தின் லோக் விஞ்ஞான் சங்கடனா என்ற மக்கள் அறிவியல் இயக்கம் பம்பாய் உயர் நீதிமன்றை நாடியது. இத்தொடர் பொதுமக்களிடையே குருட்டு நம்பிக்கைகளையும் மூடப் பழக்கங்களையும் பரப்புகிறது என்பது முறைப்பாடு. முடியுந்தறுவாயில் இருந்த தொடருக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தயாரிப்பாளர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1988 இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. விதிமுறைகளுக்கு உட்பட்டுத் தூர்தர்ஷனில் தன் படைப்பைக் காட்டுவதற்குக் குடிமகனுக்குள்ள உரிமை, அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்புரை தரும் கருத்து வெளிப்பாட்டு உரிமையின் ஒரு பகுதியே என்று அது தீர்த்துரைத்தது. பத்திரிகையில் எழுதுவதற்குள்ள உரிமையோடு இதனை ஒப்பிட்டது. தொடரினால் தீங்கு விளைந்தது என்பதற்கு மனுதாரரின் சொந்தக் கூற்றைத் தவிர வேறெந்தச் சான்றும் முன்வைக்கப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

இந்தக் கடைசி வாசகத்தைப் பகுத்தறிவு அன்பர்கள் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டும். சான்று இல்லாமல் எதையும் நம்பாதே என்று ஊருக்கு உபதேசித்தவர்கள், சான்றின்றியே நீதிமன்றில் நின்றார்கள்! பேய் இருக்கிறது என்று சொல்பவனிடம் நாம் கேட்கும் கேள்வியை நீதிபதிகள் அவர்களிடம் கேட்க நேர்ந்தது.

அதே 1988 இல் அதே உச்ச நீதிமன்றின் முன் இன்னொரு தொலைக்காட்சிப் படைப்பும் வந்தது. பீஷ்ம சாஹ்னியின் நாவலைக் கொண்டு கோவிந்த் நிஹலானி உருவாக்கிய 'தமஸ்'. இந்தியப் பிரிவினையின் போது மனிதர் மனிதரை வெட்டிச் சாய்த்ததைக் காட்டிய தொடர் அது. பேயைக் காட்டினால் மூடநம்பிக்கை வளரும் என்று ஒரு தரப்பு. மனிதனைக் காட்டினால் கலவரம் மூளும் என்று மறுதரப்பு. இரண்டு கதவுகளையும் மூடிவிட்டால் திரையில் எஞ்சுவது என்ன? மாமியார் மருமகள் சண்டையும் சமையற் குறிப்புமே!

நமது மண்ணில் இதற்கு வேறொரு மரபு உண்டு. கேரளத்தில் 1898 இல் பிறந்து, இலங்கையில் ஆசிரியராகப் பணிபுரிந்து, 1978 இல் இந்நாட்டிலேயே மறைந்த கலாநிதி ஆபிரகாம் கோவூரை நம்மவர் மறந்திருக்க நியாயமில்லை. தெய்வீக சக்தியை மோசடிக்கு இடமற்ற சூழலில் நிரூபித்துக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அறிவித்தவர் அவர். பரிசை வென்றவர் எவருமில்லை. கல் விழும் வீடு, பேய் பிடித்த பெண், ஆவி நடமாடும் மாளிகை என்று எங்கே அழைத்தாலும் நேரிற் சென்று விசாரித்தார். கண்டறிந்தவற்றைக் கதை போலவே எழுதினார். அவரது ஆய்வுக் குறிப்புகளில் ஒன்றே மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' (1972) ஆகவும் தமிழில் 'மறுபிறவி' (1973) ஆகவும் திரைக்கு வந்தது. பேய்க் கதையின் எதிரி தடையுத்தரவு அன்று, விசாரணையே என்பதைக் கோவூர் வாழ்ந்து காட்டினார். மக்கள் அச்சத்தோடு கேட்கும் ஒரு கதையை இறுதிவரை சொல்லி முடித்தால் அச்சம் தானே கழன்றுவிடும் என்பது அவரது முறை. தமிழகத்தில் 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' ஏறத்தாழ இதையே செய்தது. கருப்பின் தண்டனை என்று ஊர் நம்பிய கொலைகளின் பின்னே மனிதக் கை இருந்ததை அது பொறுமையாக அவிழ்த்துக் காட்டியது.

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். இங்கே பேய்க் கதை என்பது பொழுதுபோக்கு மட்டும்தானா?

தோட்டங்களில் 'ரோதைமுனி' என்றொரு தெய்வம் உண்டு. ரோதை என்பது தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரம். கையையும் காலையும் சில வேளை உயிரையும் பறித்த அந்த இயந்திரத்தைப் பார்த்து நடுங்கிய தொழிலாளி, அதற்குள் ஒரு முனியைக் கண்டு பொங்கலிட்டான். கவ்வாத்து வெட்டுக்குக் 'கவ்வாத்துச் சாமி' வந்தது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலமுதல், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தவர்களில் காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் விழுந்தவர் எத்தனையோ பேர். அவர்களது பெயர்களுக்குக் கல்லறை இல்லை. லூல்கந்துரவில் 1867 இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்குக் கண்டி மகியாவையில் கல்லறை இருக்கிறது. அவருக்காகக் காடு வெட்டியவர்களுக்கு எஞ்சியது, லயத்துக் கிழவிகள் சொல்லும் காட்டேரிக் கதைகள் மட்டுமே. துரையின் கணக்கேட்டில் எழுதப்படாத மரணங்கள் பேய்க் கதைகளில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தடை செய்யச் சொல்பவர், தம்மை அறியாமலே துரையின் பக்கம் நிற்கிறார்.

பயங்கரக் கதையை அதிகாரமும் பயன்படுத்தும் என்பதற்கும் கண்டியே சாட்சி. 1814 இல் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எஹெலபொலவின் மனைவியையும் பிள்ளைகளையும் கொல்வித்த செய்தி இன்றும் கேட்போரை உறைய வைக்கும். அச்செய்தியே, 1815 இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயருக்குத் தம்மை மீட்பர்களாகக் காட்டிக்கொள்ள வாய்ப்பாயிற்று. கதை ஒன்றே, அதை யார் சொல்கிறார் என்பதே கேள்வி. சொல்லும் உரிமையை ஒரு சிலரிடம் மட்டும் விட்டால் விளைவு என்னாகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தில் ஒன்றை ஏற்கிறேன். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் இரத்தக் காட்சிகள் வேண்டாம். கற்பனையை 'உண்மைச் சம்பவம்' என்று விளம்பரப்படுத்துவதும் கூடாது. நேரக் கட்டுப்பாடும் நேர்மையான அறிவித்தலும் நியாயமானவை, தடை வேறு. அத்தோடு, காலை வேளையில் தொலைக்காட்சியில் தோன்றித் தாயத்தும் எந்திரமும் விற்பவர் கதை சொல்பவரல்லர், வியாபாரி. அவரைக் கேட்க மோசடிச் சட்டம் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக் கற்பனைப் பேயைத் துரத்தும் நம் அன்பர்கள், காலை ஏழு மணி நிஜ வியாபாரியை ஏன் விட்டுவைக்கிறார்கள்?

இலங்கை நீதிமன்றங்களும் வழிகாட்டாமல் இல்லை. 1995 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென நிறுத்தியபோது, அதிற் பங்குபற்றி வந்த ஒரு நேயர் உயர் நீதிமன்றம் சென்றார். தக்க காரணமின்றி நிறுத்தியமை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை அவருக்களித்த உரிமையை மீறுவதாக 1996 இல் தீர்ப்பாயிற்று. மறுவருடம் ஒலி ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதென்று அதே மன்றம் கூறியது. அவ்வாறு காக்கப்பட்ட உரிமையை நாமே அரசிடம் கொண்டுபோய் ஒப்படைக்கலாமா? 2024 இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 'பொய்யான கூற்று' எது என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழுவுக்கு இடமளித்தது. பேய் பொய், ஆகவே பேய்க் கதை தடைக்குரியது என்ற தர்க்கத்தை இன்று நாம் ஏற்றால், ஊழலைப் பற்றிய செய்தியையும் நாளை 'பொய்' என்று சொல்ல ஆள் இருக்கும்.

மெய்யாகக் கவலைப்பட வேண்டியது வேறொன்று. 1998 முதல் சக்தி, 2009 முதல் வசந்தம் என்று தமிழ் அலைவரிசைகள் இருந்தும், நமது இரவு நேரத்தைப் பெரிதும் தமிழகத் தொடர்களே நிரப்புகின்றன. வாரம் ஒரு கதை என்ற அமைப்பு செலவு மிக்கது என்பார்கள். வாரந்தோறும் புதிய நடிகர், புதிய களம், புதிய பிரதி. பார்வையாளரைக் கட்டிப்போடத் தொடரும் பாத்திரமும் இல்லை. அதனாலேயே இத்தகைய தொடர்கள் பல அற்பாயுளில் முடிகின்றன. ஆனால் மலையகத்துக்கு இது பொருந்துமா? ஒரு லயம், ஒரு பழைய பங்களா, ஓய்ந்துபோன ஒரு தொழிற்சாலை, ஒரு மூடுபனி இரவு. களங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. கதை சொல்லக் கிழவிகள் இருக்கிறார்கள். அவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

13 வாரம் போதும். முதற் கதை ரோதைமுனியாக இருக்கட்டும். கடைசிக் கதை 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண்மூடிய காலையாக இருக்கட்டும். அங்கே பேய் எதுவும் தேவையில்லை. ஆபத்து முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தும் அம்மக்கள் அவ்விடத்திலேயே வாழ விடப்பட்டார்கள் என்பதே போதிய பயங்கரம்.

தடை கேட்டு மனு எழுதும் பேனாவினால் பிரதி ஒன்றை எழுதித் தாருங்கள், அன்பர்களே!