உம்மாவின் அலுமாரியை யாரைக் கேட்டுக் காலி செய்கிறோம்?



கண்டியில் பெரிய வீடுகள் சின்னதாகிக்கொண்டு வருகின்றன. மஹியாவை, கட்டுகஸ்தோட்டை, மடவளை, அக்குறணை என்று எங்கே பார்த்தாலும் ஒரே கதை. கீழ்மாடி மூத்த மகளுக்கு, மேல்மாடி இளையவளுக்கு என்று எழுதியாகிவிட்டது. வாப்பா மௌத்தான பிறகு உம்மாவுக்குப் பின்பக்க அனெக்ஸில் ஒரு அறை. இல்லாவிட்டால் வீட்டையே விற்றுப் பங்கு பிரித்து ஆளுக்கொரு சின்ன வீடு. பேர்ச் கணக்கில் காணி வாங்குகிற ஊரில் இதைக் குறை சொல்ல முடியாது. சாமானைக் குறைக்கத்தான் வேண்டும். எதைக் குறைக்கிறோம், யாரைக் கேட்டுக் குறைக்கிறோம் என்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

வழக்கமாக நடப்பது இதுதான். பிள்ளைகள் எல்லோரும் ஒரு சனி, ஞாயிறு கூடுவார்கள். லொறி திங்கட்கிழமை வரும். மாத்தளையில் செய்த நொரிடாகே டின்னர் செட்டை முதலில் பேப்பரில் சுற்றிப் பத்திரப்படுத்துவார்கள். இருபது வருஷமாகக் கண்ணாடி அலுமாரியை விட்டு இறங்காத செட் அது. கல்யாண வீடுகளில் கிடைத்து, பெட்டி பிரிக்காமலே கிடக்கிற பிளாஸ்க்கும் கிளாஸும் கூடவே போகும். பிறகு உம்மாவின் மர அலுமாரியைத் திறப்பார்கள். அடித்தட்டில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் மஞ்சளாகிப்போன காகிதங்கள். "உம்மா, இது என்னத்துக்கு இனி?" என்று ஒரு கேள்வி. பதில் வரும்முன் பெட்டி வாசலுக்குப் போய்விடும். போத்தல், பேப்பர் வாங்குகிறவர் நிறுத்துப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போவார். காகிதத்துக்கு அவர் கொடுக்கும் விலை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெட்டியில் என்ன இருந்திருக்கும்? காணி உறுதியின் பழைய பிரதி. யாருடைய பிறப்புச் சான்றிதழோ. பள்ளிக்குக் கொடுத்த வக்பு நிலத்தைப் பற்றி அப்பாவின் வாப்பா எழுதிவைத்த ஒரு குறிப்பு. நிகாஹ் எழுதிய தாள். நம் முஸ்லிம் விவாகச் சட்டத்தில் பதிவு செய்யாத காரணத்தால் மட்டும் ஒரு திருமணம் செல்லாமல் போவதில்லை. அதனால் பழைய காலத்துக் கல்யாணங்கள் சிலவற்றுக்கு வீட்டில் கிடக்கும் தாளைத் தவிர வேறு அத்தாட்சி இல்லாமலும் இருக்கலாம். உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இலக்கமும் வருடமும் நொத்தாரிசின் பெயரும் தெரியாமல் அங்கே போய்த் தேடிப் பாருங்கள்.

2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்ததைக் கண்ட ஊர் இது. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைவீதிக்குள் வருவது நமக்குப் புதிதல்ல. 2025 நவம்பரில் டிட்வா வந்தபோது இந்த மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் எத்தனை வீடுகள் மண்ணுக்குள் போயின! இவ்வளவுக்கும் பிறகு எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் முதலில் கேட்பது தாளைத்தான். நெருப்பும் தண்ணீரும் விட்டுவைத்ததை நம் கையாலேயே நிறுத்துக் கொடுப்பது என்ன நியாயம்?

இப்போது வீட்டைச் சுருக்குகிற எல்லோருக்கும் மேரி கொண்டோ வந்துவிட்டார். ஜப்பான்காரப் பெண்மணி, பெயரெடுத்தவர். உடுப்பை மடிக்க அவர் சொல்லிக்கொடுத்ததில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. காகிதம் என்றால் எல்லாவற்றையும் வீசுவதையே பொது விதியாக வை என்பது அவர் சொன்னது. கட்டாயம் வைக்கவேண்டிய தாள்களை அவரே விலக்கி வைக்கிறார், ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு நிமிட வீடியோவில் அந்தப் பகுதி வருவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஜப்பானில் ஒவ்வொரு குடும்பத்தின் பிறப்பும் இறப்பும் திருமணமும் நகரசபையில் ஒரே குடும்பப் பதிவேட்டில் இருக்கும். அவர்கள் வீட்டுத் தாளை வீசினாலும் தலைமுறை அங்கே எழுதிக் கிடக்கும். நமக்கு அப்படி ஒரு பதிவேடு எங்கே இருக்கிறது? உம்மாவின் அலுமாரிதான் நம் பதிவேடு.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். வரலாற்றுப் பாடத்துக்குக் குடும்ப மரம் வரைந்து வா என்றால், பிள்ளைகளில் பெரும்பாலானோர் மூத்தாப்பாவின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். அறிஞர் சித்திலெப்பை 1838 இல் பிறந்தது இதே கண்டியில். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கியதும் இங்கேதான். 'அஸன்பே சரித்திரம்' 1885 இல் வந்தது. அந்தப் பத்திரிகையை வாங்கிப் படித்தவர்கள் நம் தெருக்களில்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டில் கிடந்த இதழ்கள் எங்கே போயின என்று கேட்டால், வெற்றிலைக்கடைச் சுருளில் போயிருக்கும் என்றுதான் சொல்லவேண்டும்.

அரபுத் தமிழின் கதி இதைவிட மோசம். அந்தக் காலத்தில் ஓதப்போன நம் பெண்களில் பலருக்கு அரபு எழுத்து தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. அதனால் கடிதம், வீட்டுக் கணக்கு, கைமருந்து எல்லாவற்றையும் தமிழில் நினைத்து அரபு எழுத்தில் எழுதினார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது வாசிக்க வராது. பழைய கிதாபு என்று நினைக்கிறவர்கள் மரியாதையாக மண்ணில் புதைக்கிறார்கள், அல்லது மகாவலியில் விடுகிறார்கள். விளங்காத கிறுக்கல் என்று நினைக்கிறவர்கள் குப்பையில் போடுகிறார்கள். பயபக்தியும் அலட்சியமும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

நம் அயலில் வாழும் மலாய்ச் சகோதரர்களைப் பாருங்கள். 1970களில் பேராசிரியர் பி.ஏ. ஹுசைன்மியா வீடு வீடாகப் போய் அவர்களுடைய மலாய்க் கையெழுத்துகளைத் தேடினார். பிற்பாடு பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் அப்படியான குடும்பப் பிரதிகள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் ஏறின. நம்மைவிட எவ்வளவோ சிறிய சமூகம் அது.

"வைக்க இடம் இல்லை" என்கிறார்கள். ஒரு தலைமுறையின் தாள் முழுவதும் கட்டிலுக்கடியில் வைக்கிற ஒரே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கும். அந்த டின்னர் செட்டுக்கு ஒரு சுவர் வேண்டும். இடம் எதற்கு இல்லை? செட்டை அரைவாசி விலைக்காவது விற்றுவிடுங்கள், அல்லது இப்போதே, புதிதாக இருக்கும்போதே, வீடு இழந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள். கைபிடி உடைந்த சட்டியையும் நாறிப்போன மெத்தையையும் பள்ளிவாசலில் இறக்கிவிட்டு ஸதகா என்று பெயர் வைக்கவேண்டாம்.

பெட்டியை எடுத்துவைப்பவர்கள் கவனிக்க: கண்டியின் ஈரத்தில் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் காலத்தில் நிழலில் காயவைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். ஈரத்தோடு பொலித்தீனில் கட்டவேண்டாம். லெமினேட் பண்ணவே வேண்டாம், ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு தாளையும் போனில் படமெடுத்து, பிள்ளைகள் இரண்டு பேரின் கையிலாவது அந்தப் படங்கள் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உம்மாவிடம் கேளுங்கள். லொறி வரும் நாளில் கேட்காமல், ஒரு மாதம் முன்னே, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கேளுங்கள். அது அவருடைய சொத்து. அவர் உயிரோடு இருக்கும்போது அதைப் பங்குபோட எந்தப் பிள்ளைக்கும் உரிமை கிடையாது. வேண்டாம் என்று அவர் சொன்னால் வீசலாம். அவர் சொல்வதை ஒரு பேரப்பிள்ளை போனில் பதிவு செய்யட்டும். எந்தத் தாள் யாருடையது என்று சொல்ல இன்னும் ஓர் ஆள் அந்த வீட்டில் மிச்சம் இருக்கிறார்.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் நம் சமூகத்தின் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் பழைய இதழோ புத்தகமோ இருந்தால் விற்குமுன் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கம் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். தவணை லீவில் எங்கள் உயர்தர மாணவர்களை அவர்களிடம் கூட்டிக்கொண்டு வருகிறோம். வீடு மாறுகிறவர்கள், பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால், லொறி வருமுன் எங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.