மலையூர் காணச் செல்வோர் கடமை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை, எடமலைப்பட்டி புதூரில் எம் இல்லத்துத் திண்ணையில் நண்பர் சிலர் கூடியிருந்தோம். அவருள் ஒருவர் தம் கைப்பேசியில் ஸ்பெயின் தேசத்து மலையூர் ஒன்றின் படங்களைக் காட்டினார். பிரிகிலியானா என்பது அதன் பெயர். மலாகா மாகாணத்தில், மத்தியதரைக் கடற்கரையினின்று சில கிலோமீட்டர் தூரத்தில், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்து மலைச்சரிவில் அமைந்துள்ளது. சுண்ணம் பூசிய வெள்ளை வீடுகளும், கூழாங்கல் பதித்த குறுகிய படித்தெருக்களும், தெருமுடிவில் நீலக்கடலும் கண்டு யாம் வியந்தோம். “பொருள் சேர்ந்தபின் ஒருநாள் சென்று காண்போம்” என்று எல்லோரும் ஒருமுகமாய்ச் சொன்னோம்.

உள்ளிருந்து வந்த எம் பாட்டியார் படத்தை ஒருமுறை நோக்கிவிட்டு, “அவ்வூர் இருக்கட்டும் அப்பா, இதோ இருக்கும் நார்த்தாமலையைக் கண்டிருக்கிறீர்களா?” என்று வினவினார். பள்ளிச் சுற்றுலாவிற் கண்டோம் என்றோம். “அங்கே என்ன கண்டீர்கள்?” என்றார். “மலை கண்டோம், கோயில் கண்டோம், குரங்கு கண்டோம்” என்பதற்கு மேல் ஒருவராலும் விடை கூற இயலவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துக் கற்கும் எமக்கு அன்றிரவு அவ்வினா உறக்கத்தைக் கெடுத்தது. ஓரூர்க்குச் சென்று வருதல் வேறு. ஓரூரைக் காணுதல் வேறு. இவ்வேற்றுமையைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

நார்த்தாமலை திருச்சிராப்பள்ளியினின்று புதுக்கோட்டை செல்லும் வழியில், கீரனூரைக் கடந்து, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஓங்கிய மலைத்தொடர் அன்று. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, உவச்சமலை முதலிய பெயர் கொண்ட மொட்டைப் பாறைக் குன்றுகளின் கூட்டம். அநுமன் ஏந்திச்சென்ற சஞ்சீவி மலையினின்று சிந்திய துண்டுகளே இவை என்று ஊரார் கூறுவர். பங்குனித் திங்களில் இங்குள்ள முத்துமாரியம்மன் திருவிழாவிற்குத் திரளான மக்கள் கூடுவர். மற்றை நாட்களில் ஆடு மேய்ப்போரும், வயல் வேலை செய்வோரும், இரண்டொரு யாத்திரிகருமே கண்ணிற்படுவர்.

இவ்வூர் ஒருகாலத்தில் வணிகர் நகரமாய் விளங்கிற்று. “நகரத்தார் மலை” என்பதே நார்த்தாமலை என மருவியது என்பர் அறிஞர் பலர். முதலாம் இராசராசன் காலத்தில் இதற்குத் தெலுங்ககுலகாலபுரம் என்றொரு பெயரும் வழங்கியது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர்க்கு இவ்வூர் ஒரு நிலைக்களமாக இருந்தது. இக்குழுவினரின் தமிழ்க் கல்வெட்டொன்று கடல் கடந்து சுமத்திரா தீவின் மேற்குக்கரையில் பாரூசு என்னுமிடத்தருகே கிடைத்துள்ளது. அதன் காலம் கி.பி. 1088. ஆகவே, பிரிகிலியானாவின் தெருவில் நின்றால் கடல் தெரியும் என்று வியந்த யாம், எம் பக்கத்து மலையின் வணிகக் குழு கடலையே தெருவாகக் கொண்டிருந்ததை அறியாதிருந்தோம். நார்த்தாமலையினின்று நோக்கினாற் கடல் தெரியாது. கல்வெட்டைப் படித்தாற் கடல் தெரியும்.

பாட்டியாரின் வினாவிற்குப் பின், யாமும் நண்பர் இருவரும் விடியற்காலையிற் புறப்பட்டு மீண்டும் சென்றோம். மேலமலையின் பாறைச்சரிவில் ஏறினால் விசயாலய சோழீச்சுரம் மேற்கு நோக்கி நிற்கின்றது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளி அது. புறச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சிறு கோயில்கள் காவற்சிறார் போலச் சூழ்ந்துள்ளன. சோழன் பெயர் பூண்டிருப்பினும் இதனைக் கட்டுவித்தவர் முத்தரையர் குடித் தலைவரே என்று கருத இடமுண்டு. இக்கோயிற் கல்வெட்டொன்று, சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் இக்கற்றளியை எடுப்பித்ததையும், பின்னர் இது மழையால் இடிந்து அழிந்ததையும், மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையர் இதனைப் புதுப்பித்ததையும் கூறுகின்றது. கட்டியவன் பெயரைக் கல்லிற் பொறித்தல் உலக வழக்கு. இடிந்ததையும் மறையாது கூறிப் பழுது தீர்த்தவன் பெயரையும் உடன் பொறித்த நேர்மை எம் நெஞ்சைத் தொட்டது.

கோயிலுக்கு எதிரே பாறையிற் குடைந்த குகைகள் இரண்டு உள. சிறியது பழியிலி ஈச்சுரம் என்னும் சிவன் குகை. பெரியதற்குப் பதினெண்பூமி விண்ணகரம் என்பது பழம்பெயர். அதனுள் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு, ஒன்றைப்போல் ஒன்றாய் வரிசையில் நிற்கின்றன. ஆயினும் ஊரார் இன்றும் அதனைச் “சமணர் குடகு” என்றே வழங்குகின்றனர். சமணர் இருந்த குகை பின்னர்த் திருமால் கோயிலாயிற்று என்பது அறிஞர் கொள்கை. கல்லிலுள்ள உருவம் ஒன்றைச் சொல்ல, நாவிலுள்ள பெயர் மற்றொன்றைக் காத்து நிற்கின்றது. அரசர் மாறினர், சமயம் மாறிற்று, பெயர் மாறவில்லை.

இனி, யாம் சொல்ல நாணும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குன்றேறும் வழியில் சுனையருகே ஒரு பாறை உண்டு. பன்னிரண்டாம் வயதிற் பள்ளிச் சுற்றுலாவாகச் சென்றபோது, ஆசிரியர் காணாத வேளையில், அப்பாறையில் எம் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் ஆணியாற் கீறினோம். நண்பர் கைகொட்டினர், எமக்கும் பெருமையாகவே இருந்தது. ஏழாண்டு கழிந்து அப்பாறையை மீண்டும் கண்டோம். எம் எழுத்து மழைக்கும் வெயிலுக்கும் அழியாது அவ்வாறே இருந்தது. அதனைச் சுற்றி வேறு நூறு பெயர்கள் கீறப்பட்டிருந்தன. மேலே மல்லன் விடுமன் தான் பழுது தீர்த்ததை எழுதுவித்தான். கீழே யாம் பழுது செய்ததை எழுதினோம். பிற்காலத்தார் இரண்டையும் படிப்பர் என்று எண்ணியபோது எம் முகம் கன்றியது. அன்று கையில் ஆணி இருந்தது, அறிவு இல்லை. அறிவூட்டுவார் யாரேனும் அம்மலையடியில் இருந்திருப்பின் அவ்வாணி சட்டைப்பையிலேயே கிடந்திருக்கும் என்று நம்புகின்றோம்.

இங்கே மீண்டும் பிரிகிலியானாவை நினைப்பது தகும். அவ்வூரின் அழகு வெண்சுண்ணத்தால் மட்டும் ஆயதன்று. மூரியர் வழிவந்தோரும், கட்டாயத்தாற் கிறித்தவராக்கப்பட்டோருமான மொரிசுக்கர் அங்கு வாழ்ந்தனர். அவர்தம் மொழியையும் உடையையும் வழக்கத்தையும் இரண்டாம் பிலிப்பு மன்னன் தடை செய்ததால் 1568ஆம் ஆண்டிற் கலகம் மூண்டது. 1569இல் அவ்வூர்க்கு மேலுள்ள பாறைக்குன்றில் நிகழ்ந்த போரில் அவர்கள் வீழ்ந்தனர். 1609ஆம் ஆண்டு தொடங்கி எஞ்சிய மொரிசுக்கர் ஸ்பெயின் தேசத்தினின்றே துரத்தப்பட்டனர். இன்று அவ்வூரார் அப்போரின் கதையை ஓடுகளில் எழுதித் தெருச்சுவர்களிற் பதித்து வைத்துள்ளனர். படியேறுவோன் ஒவ்வொரு திருப்பத்திலும் கதையின் ஒவ்வொரு பகுதியைப் படித்துக்கொண்டே ஏறுகின்றான். வென்றோர் சமயத்தைச் சேர்ந்த மக்களே தோற்றோர் துயரைத் தம் வீட்டுச் சுவரிற் பொறித்துள்ளனர். கிறித்தவராகிய எமக்கு இச்செய்தி எளிதிற் செரிப்பதன்று. எம் சமயத்தின் பெயரால் நடந்த கொடுமை அது. ஆயினும் அதனை மறையாது சொல்லும் துணிவு எம் சமயம் எமக்குக் கற்பித்த பாவ அறிக்கைக்கு ஒத்ததே என்று தேறினோம்.

இந்நிலை நார்த்தாமலைக்கும் வேண்டும் என்பதே எம் கருத்து. மலையடியில், பழஞ்சின்னம் எதனையும் தொடாமல், ஊர்ப்பொது இடத்திற் சில ஓடுகளையோ கற்பலகைகளையோ எளிய தமிழில் அமைக்கலாம். வணிகர் நகரம், சமணர் குடகு, முத்தரையர் கற்றளி, மழை இடித்தது, மல்லன் விடுமன் புதுக்கியது ஆகியவற்றை ஏறும் வழியின் வரிசைப்படியே கூறலாம். சமணர் சென்றதையும் திருமால் வந்ததையும் ஒருவரையும் பழியாமலும் ஒன்றையும் மறையாமலும் கூறலாம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் படிக்கத்தக்கதாய் அவ்வெழுத்து இருத்தல் வேண்டும். ஆணி ஏந்துவோன் அவனே அன்றோ!

இதற்கு மாறாகச் சிலர் கூறுவதும் எமக்குத் தெரியும். “ஊரார்க்கு நல்ல சாலையும் குடிநீரும் பிள்ளைகட்கு வேலையும் வேண்டியிருக்க, கல்வெட்டுக் கதை எதற்கு?” என்பர் ஒரு சாரார். இவ்வினா நியாயமானதே. ஆனால் சுற்றுவட்டாரத்துப் பாறைகட்கு இன்று பெரும்பாலும் ஒரே விலைதான் உண்டு. உடைத்துச் சல்லியாக்கினால் வரும் விலை அது. உடையாத பாறைக்கும் விலை உண்டு என்று காட்டுதல் ஊரார் வயிற்றுக்கு எதிரான செயல் அன்று. ஊர் இளைஞர் சிலர் தம் குன்றின் வரலாற்றைக் கற்று வருவோர்க்கு எடுத்துரைப்பின், அவர்க்கு ஊதியம், குன்றிற்குக் காவல். கோயிலையும் குகையையும் இந்தியத் தொல்லியல் துறை காத்து வருகின்றது. ஆயினும் காவலர் ஒருவர் கண் எத்தனை ஆணிகளைக் காணும்? ஊரார் அனைவர் கண்ணும் வேண்டும்.

“கூட்டம் பெருகினால் அமைதி கெடும், வெள்ளையூர்கள் இன்று யாத்திரிகர் நெரிசலால் தம் மக்கட்கே அயலூராய்விட்டன” என்பர் மற்றொரு சாரார். இதுவும் மெய்யே. ஆதலின் யாம் வேண்டுவது மிகுதியான யாத்திரிகரை அன்று, தகுதியான யாத்திரிகரை. நூறு பேர் அரைநாழிகை நின்று படம் எடுத்துக்கொண்டு மீளுவதினும், பத்துப் பேர் ஒருநாள் தங்கி ஊரிலேயே உண்டு, ஊராரோடு பேசி, ஒரு கல்வெட்டையேனும் எழுத்துக் கூட்டிப் படித்து மீளுதல் நன்று.

இதில் மாணவராகிய நமக்குப் பெரும்பங்கு உண்டு. கல்வெட்டெழுத்தைப் பாடமாகக் கற்கின்றோம், தேர்வெழுதி மறக்கின்றோம். ஆண்டிற்கு ஒருமுறை தமிழ் மாணவர் வகுப்போடு நார்த்தாமலைக்குச் சென்று, கற்றதைக் கல்லிலே படித்துப் பார்ப்பின் அவ்வெழுத்து என்றும் மறவாது. எம்மிற் சிலர் பள்ளிப் பிள்ளைகளை உடனழைத்துச் சென்று கதை சொல்லலாம். இதற்கு அரசாங்கத்தின் உத்தரவோ பெரும்பொருளோ வேண்டா. பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும் போதும்.

யாம் பாறையிற் கீறிய எழுத்தை அழித்தல் இனி இயலாது. தேய்க்க முயன்றால் மற்றொரு வடுவே உண்டாகும் என்று கற்றறிந்தோர் கூறினர். அது அங்கேயே இருக்கும். அடுத்த ஞாயிறு வழிபாடு முடிந்தபின், எம் தெருவிற் பன்னிரண்டு வயதுச் சிறுவர் நால்வரை நார்த்தாமலைக்கு அழைத்துச் செல்ல இருக்கின்றோம். முதலில் மல்லன் விடுமன் கல்வெட்டைக் காட்டுவோம். இறங்கும்போது சுனையருகே நின்று எம் எழுத்தையும் காட்டுவோம். பாட்டியார் தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முழங்கால் இடங்கொடுக்கும் மட்டும் ஏறுவாராம். ஸ்பெயின் தேசத்து மலையூர்க்கும் ஒருநாள் செல்வோம். ஆனால் எம் மலையைப் படிக்கக் கற்ற பின்னரே செல்வோம். அன்பர்களே, நீவிரும் உம்மூர்க்கு அருகிலுள்ள குன்றிற்கு ஒருமுறை சென்று வாரீர். அங்கே என்ன கண்டீர் என்று வீட்டிலுள்ள முதியோர் வினவினால், நாணாது விடை கூறும் அளவிற்கேனும் கண்டு வாரீர்.