கேமரா யாரோட ஜீப்பில் ஏறுது?

போர்ப் படம் பார்த்துக் கண் கலங்கியிருக்கீங்களா? கதை மட்டுமே அதுக்குக் காரணம்னு நினைச்சா பாதிதான் சரி. மீதி, கேமரா எங்க நின்னதுங்கறதுல இருக்கு.

முதல்ல நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரம். 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) கடற்கரைச் சண்டை ஏன் அப்படி நடுங்க வைக்குது? சாதாரணமா ஷட்டர் ஆங்கிள் 180 டிகிரி. நொடிக்கு 24 ஃப்ரேம்னா ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 நொடி வெளிச்சம் வாங்கும். ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி அதை 90, 45 டிகிரின்னு குறைச்சார். 45-ல கணக்குப் போட்டா 1/192 நொடி. அசைவுல வர்ற மங்கல் போயிடும். தெறிக்கிற மண்ணு ஒவ்வொரு துகளா வெட்டி வெட்டித் தெரியும். போன்ல புரோ மோடு வெச்சு 1/200-ல நீங்களே எடுத்துப் பாருங்க. (வெயில்ல எடுங்க. ஹாஸ்டல் ட்யூப்லைட்டுக்குக் கீழ எடுத்தா ஃப்ளிக்கர் அடிச்சு மானம் போயிடும்.)

ஆனா ஷட்டரை விடப் பெரிய கேள்வி, ஃப்ரேமுக்குள்ள யார் முகம்ங்கறது. 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966) அல்ஜீரிய விடுதலையின் பக்கம் நிற்கிற படம். அதுலயே, குண்டு வைக்கப் போற பெண் கஃபேக்குள்ள சுத்திப் பார்க்கும்போது, கேமரா அங்க இருக்கறவங்க முகத்தை ஒவ்வொண்ணா காட்டுது. ஐஸ்கிரீம் சாப்பிடற குழந்தையும் அதுல உண்டு. அதுக்கப்புறம் அந்த வெடிப்புக்குக் கை தட்ட முடியுமா சொல்லுங்க?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். வெற்றிமாறனோட 'விடுதலை' முதல் பாகம் (2023) வந்தப்போ, சித்தேரி மலைப் பக்கத்து ஆளுங்களுக்கு அது வெறும் சினிமா இல்ல. மலையடிவாரத்துல இருக்கற வாச்சாத்திதான் பலருக்கும் ஞாபகம் வந்தது. வேல்ராஜ் கேமரா ஆரம்பத்துல ரயில் விபத்துக்குள்ள நீளமா, வெட்டே தெரியாம நடந்து போகுது. கண்ணைத் திருப்ப இடமே தராது. அருமையான வேலை. அப்புறம் கேமரா குமரேசனோட போலீஸ் ஜீப்பில் ஏறிடுது. மலை மக்களை நாம பெரும்பாலும் அவர் கண்ணு வழியாத்தான் பார்க்கிறோம்.

எனக்கு உறுத்தறது கிளைமாக்ஸ். அறைக்குள்ள பெண்கள் சித்திரவதைப்படறாங்க. வெளிய குமரேசன் ஓடறார். ரெண்டும் மாறி மாறி வருது. டென்ஷன் ஏறுது, சரி. ஆனா நம்ம பதற்றம் அவரோடயே ஓடிப் போயிடுது. அந்தப் பெண்கள் அவர் ஓடறதுக்கான காரணமா மட்டும் ஆகிடறாங்க. தமிழரசியைத் தவிர வேற எத்தனை முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கு?

நிஜத்துல நடந்தது வேற. 1992 ஜூன் 20-ல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு கூட்டமா வாச்சாத்திக்குள்ள புகுந்தாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. காப்பாத்த எந்தக் குமரேசனும் ஓடி வரல. அந்தப் பெண்களே கோர்ட்டுல நின்னு சாட்சி சொன்னாங்க. 2011 செப்டம்பர் 29-ல 269 பேரும் குற்றவாளின்னு தருமபுரி கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. 2023-ல ஐகோர்ட்டும் அதை உறுதி செஞ்சது.

குறும்படம் எடுக்க சித்தேரிக்கு வர்ற நண்பர்களே, ட்ரோனைக் கொஞ்சம் பையிலயே வைங்க. மேல இருந்து பார்த்தா எங்க மலை அழகாத்தான் இருக்கும்; ஆனா ஆளுங்க தெரிய மாட்டாங்க. ட்ரைபாடை இறக்கி, திண்ணையில உட்கார்ந்திருக்கற பாட்டியோட கண் உயரத்துல வைங்க. அவங்க பேசி முடிக்கற வரைக்கும் கட் சொல்லாதீங்க.