ஆணா, பெண்ணா? அவசரம் எதற்கு?

"ஆணா, பெண்ணா?" பிரசவ அறையின் கதவு திறந்ததும் வெளியே நிற்போர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எப்போதாவது ஒரு குழந்தையின் உறுப்பைப் பார்த்து, விடை சொல்ல மருத்துவரே தயங்குவார். அந்தத் தயக்கம் போதும் ஊருக்கு! "கிரகணத்தில் வெளியே வந்தாள்", "முற்பிறவிப் பாவம்" என்று பழி முழுவதும் பெற்றவள் தலையில்!

பாவமுமில்லை, சாபமுமில்லை, தோழர்களே! கருவான முதல் ஆறு வாரத்தில் எல்லோருக்கும் பாலுறுப்பின் தொடக்கம் ஒன்றுதான். பிறகுதான் குரோமோசோமும் ஹார்மோனும் அதை ஆணாகவும் பெண்ணாகவும் வளர்க்கின்றன. அந்த வளர்ச்சியில் வேறுபாடு நேர்வதுண்டு. அப்படிப் பிறப்போரை ஊடுபாலினர் என்கிறோம்.

ஒன்றை மறக்கலாகாது. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறையாலும் இந்நிலை வரும். அதில் ஒரு வகையில், உடலின் உப்பு சிறுநீரோடு போய்விடும். பிறந்த இரண்டு மூன்று வாரத்திற்குள் வாந்தியெடுத்துத் துவண்டு, குழந்தை இறக்கவும் கூடும். அதற்கு வேண்டியது மந்திரித்த கயிறல்ல. ரத்தப் பரிசோதனையும் மருந்தும்! வெட்கப்பட்டு மூடி மறைத்தால் பிள்ளையே பறிபோகும்.

உயிர் காக்கும் மருத்துவம் வேறு. ஊர் வாயை மூடக் கத்தி எடுப்பது வேறு. வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியுமா? உணர்ச்சி போகலாம், பிள்ளைப்பேறு போகலாம். பெண்ணென்று முடிவுகட்டி வெட்டியபின், வளர்ந்து வந்து "நான் ஆண்" என்றால் என்ன பதில் சொல்வோம்?

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தெளிவாகச் சொன்னது: பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதமாகாது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை பிறந்தது: உயிருக்கு ஆபத்து என்றாலன்றி, ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலுறுப்பை மாற்றும் அறுவை கூடாது. இந்தியாவில் இத்தடையை முதலில் விதித்தது தமிழ்நாடுதான். அன்று கோட்டையில் இருந்தது நம் ஆட்சியல்ல. ஆயினும் நல்லதை நல்லதென்போம்.

ஆணை ஏட்டில் இருக்கிறது; வீட்டுக்குள் நுழைய வேண்டாமா? அதைக் கொண்டு சேர்க்கும் கடமை நம்முடையது. உங்கள் தெருவில் அப்படி ஒரு குழந்தை பிறந்தால், உடனே பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அறுவைக்குக் கையெழுத்துக் கேட்டால், அரசாணையைக் காட்டி, "உயிருக்கு ஆபத்தா?" என்று கேட்கச் சொல்லுங்கள். தாயைத் தூற்ற எவன் வாய் திறந்தாலும், அங்கேயே தடுத்து நிறுத்துங்கள்!